"தேடிட்டேன், ஒண்ணுமே இல்ல"

மருத்துவ நூலகத்தில் வேலை பார்க்கும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அதிகம் காதில் விழும் வாக்கியம் இதுதான்: "பப்மெட்ல தேடிட்டேன் மேடம், ஒண்ணுமே இல்ல." பப்மெட் என்பது மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையத் தளம். சொல்பவர் பொய் சொல்லவில்லை. திரையில் உண்மையிலேயே பூஜ்யம்தான் இருக்கும். ஆனால் அந்தப் பூஜ்யம் யாருடையது என்பதுதான் என் வேலை.

முதுநிலை மாணவி ஒருவர் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தார். குழந்தைகளின் ஆஸ்துமாவுக்குச் சால்புடமால் கொடுப்பது பற்றிய கேள்வி. தேடல் கட்டத்தைப் பார்த்தேன். மருந்தின் பெயர் மேற்கோள் குறிக்குள் இருந்தது, போதாததற்குத் தலைப்பில் மட்டும் தேடு என்ற கட்டளை, அதோடு வயது, ஒப்பிடும் மருந்து, எதிர்பார்க்கும் பலன் என்று நாலைந்து விஷயங்களை, எல்லாமே சேர்ந்து இருக்க வேண்டும் என்று சொல்லும் 'ஆண்ட்' போட்டு வரிசையாகக் கோத்திருந்தார். தன் கேள்வி முழுவதையும் தலைப்பிலேயே சுமந்துகொண்டு ஒரு கட்டுரை வரவேண்டும் என்றால் அது எங்கிருந்து வரும்? பலனைத் தேடலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். எத்தனையோ கட்டுரைகளில் அது சுருக்கத்தில்கூட இருக்காது, உள்ளே ஏதோ ஓர் அட்டவணையில் ஒளிந்திருக்கும்.

மேற்கோள் குறி செய்யும் வேலை பலருக்குத் தெரிவதில்லை. பப்மெட்டில் சும்மா சால்புடமால் என்று அடித்தால், அது மெஷ் என்ற கலைச்சொல் பட்டியலைப் பார்த்து, அங்கே இதற்குப் பெயர் ஆல்புடெரால் என்று தெரிந்துகொண்டு, இரண்டையும் சேர்த்தே தேடித் தரும். மேற்கோள் குறி போட்டாலோ, சொல்லின் கடைசியில் நட்சத்திரம் போட்டாலோ அந்த உதவி நின்றுவிடும். அப்புறம், ஆல்புடெரால் என்று மட்டும் எழுதும் அமெரிக்கர்களின் கட்டுரைகள் கண்ணிலேயே படாது. பாராசிட்டமால், அசிட்டமினோஃபென் கதையும் இதேதான். எம்பேஸ் என்ற இன்னொரு தேடல் தளத்துக்குப் போனால் தலைகீழ், அங்கே உள்ள எம்ட்ரீ என்ற கலைச்சொல் பட்டியலில் பாராசிட்டமால்தான் தலைமைச் சொல். பப்மெட்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் தேடல் வரலாற்றுக்குப் பக்கத்தில் டீடெயில்ஸ் என்று ஓர் அம்புக்குறி இருக்கும். நாம் அடித்ததை இயந்திரம் எப்படிப் புரிந்துகொண்டது என்று அதில் வரிக்கு வரி தெரியும். மாணவி அதைத் திறந்து பார்த்துவிட்டு, "இது இவ்வளவு நாளா இங்கேயா இருந்துச்சு?" என்றார். எனக்கும் முதல் இரண்டு வருடம் தெரியாது என்பதைச் சொல்லவில்லை.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மூத்த நூலகருக்கு இந்தத் தொல்லையே இருந்ததில்லையாம். அவர் பழகியது மருத்துவக் கட்டுரைகளின் அச்சுப் பட்டியலான இண்டெக்ஸ் மெடிக்கஸில். 1879-இல் தொடங்கி 2004-இல் அச்சு நின்ற அந்தத் தொகுதிகளில், எந்தத் தலைப்புச் சொல்லின் கீழ் பார்ப்பது என்று முடிவு செய்யாமல் பக்கத்தையே புரட்ட முடியாது. இன்று கட்டத்தில் எதை அடித்தாலும் ஏதோ ஒன்று வந்து விழுகிறது, அதனால் சொல்லைப் பற்றி யோசிக்க யாருக்கும் அவசியமே வருவதில்லை.

சரி, என் பங்குக்கு நான் சொதப்பிய கதை. ஒரு மருத்துவர் கருத்தரங்குக்காகக் கட்டுரைப் பட்டியல் கேட்டார். விலங்கு ஆய்வுகள் வேண்டாமே என்று 'ஹியூமன்ஸ்' வடிகட்டியைச் சொடுக்கி, வந்ததைத் தொகுத்துக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துக் கைபேசியை நீட்டி, "மேடம், இது உங்க லிஸ்ட்ல இல்லையே?" என்றார். மனிதர்கள் மேல் நடந்த நல்ல ஆய்வு, பப்மெட்டிலேயே இருக்கிறது. அந்த வடிகட்டி கட்டுரையைப் படித்துப் பார்த்து முடிவு செய்வதில்லை, மெஷ் முத்திரை இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். மெஷ் சொற்களை முத்திரையாகக் குத்தி வகைப்படுத்திய தொகுப்புக்கு மெட்லைன் என்று பெயர், பப்மெட்டில் இருப்பதெல்லாம் மெட்லைன் இல்லை. மெட்லைனுக்கு வெளியே உள்ளவற்றுக்கு அந்த முத்திரை விழுவதே இல்லை. ஆகவே இப்போதெல்லாம் 'மனிதர்' என்று கேட்காமல், விலங்கு முத்திரை மட்டும் உள்ளவற்றைக் கழிக்கிறேன். முத்திரை இல்லாதவை அதில் தப்பிவிடும். வடிகட்டியை அணைக்காமல் அடுத்த தேடலுக்குப் போனால் அது கூடவே ஒட்டிக்கொண்டு வரும் என்பதும் இன்னொரு தலைவலி.

என் தவறில் ஒரு கட்டுரைதான் போனது. 2001-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நடந்த ஆஸ்துமா ஆய்வில் ஹெக்சாமெத்தோனியத்தை முகர்ந்த 24 வயதுத் தன்னார்வலர் நுரையீரல் பாதிக்கப்பட்டு இறந்துபோனார். அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கும் என்பதற்கான தடயங்கள் 1950களின் இதழ்களிலேயே இருந்தன. ஆய்வாளர் தேடிய பப்மெட்டோ அப்போது 1966-க்குப் பிந்தையதைத்தான் தந்தது. இதைப் படித்த நாளிலிருந்து, பட்டியல் கொடுக்கும்போதெல்லாம் எந்தெந்தத் தளம், எந்த ஆண்டிலிருந்து, என்ன சொற்கள், எந்தத் தேதியில் தேடியது என்று மேலே எழுதிவிடுகிறேன். பலர் அந்தப் பத்தியைப் படிப்பதில்லை. இருக்கட்டும்.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது, 'ஒண்ணுமே இல்ல'வுக்கு நேர் எதிர். செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் கேட்டு அழகான மேற்கோள் பட்டியலோடு வருகிறார்கள். ஒருவர் கொண்டு வந்ததில் ஆசிரியர் பெயர் நிஜம், இதழும் நிஜம், ஆனால் அந்தத் தொகுதியில் அந்தப் பக்கத்தில் இருந்தது சிறுநீரகக் கல் பற்றிய வேறொரு கட்டுரை. கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணைத் தட்டினால் எதுவுமே திறக்கவில்லை. ஒரே மருந்துக்கு எத்தனை பெயர் என்று கேட்டு வாங்க அந்தக் கருவிகள் நன்றாகவே உதவுகின்றன, நானும் கேட்கிறேன். கட்டுரை இருக்கிறதா என்று மட்டும் கேட்பதில்லை.

அந்த மாணவி அடுத்த வாரம் மறுபடி வந்தார். மேற்கோள் குறிகளை எடுத்து, இரண்டு பெயரையும், இதுவோ அதுவோ இருந்தால் போதும் என்று சொல்லும் 'ஆர்' போட்டுச் சேர்த்து, எம்பேஸிலும் தேடி, இரட்டித்தவற்றை ஜொடேரோ என்ற மேற்கோள் மென்பொருளில் நீக்கிவிட்டுத்தான் வந்திருந்தார். முகத்தில் மட்டும் சந்தோஷமே இல்லை.

"மேடம், 312 வந்திருக்கு. எல்லாத்தையும் படிக்கணுமா?"

முதலில் தலைப்பைப் படிங்க என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.