பேப்பர் கிளிப்

இன்று ஆஷ்ட்ரேயில் அந்த பேப்பர் கிளிப் கண்ணில் பட்டது.

1993 ஷெவர்லே பிக்கப். ஸ்டியரிங்குக்குக் கீழே, கோளாறு பார்க்க 12 துளை பிளக். அதில் ஏ, பி துளைகள் இரண்டையும் கிளிப்பால் இணைத்து, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால் செக் எஞ்சின் விளக்கு கண்சிமிட்டும்.

ஒன்று. சின்ன இடைவெளி. ஒன்று, இரண்டு.

அதாவது கோட் 12. எஞ்சின் சுற்றவில்லை, வண்டியின் கம்ப்யூட்டர் விழித்திருக்கிறது என்று அர்த்தம். மூன்று முறை சொல்லும், தாத்தா மாதிரி.

பிறகு அந்தக் கம்ப்யூட்டரை மாற்றினேன். புதியதற்கு, எஞ்சின் சுழல்வதை அறியும் கிராங்க் சென்சார் வேண்டுமென்று எஞ்சினின் முன்மூடியான டைமிங் கவர் வரை பிரித்தேன். (முதுகைப் பற்றிக் கேட்காதீர்கள்.) அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கட்டாயமான, கோளாறு பார்க்கும் 16 பின் சாக்கெட் இப்போது இதிலும். கூலன்ட் சூடு முதல் எல்லாம் போனில் எண்ணாக ஓடுகிறது.

சரி, வசதிதான். ஆனால் முன்பு வண்டி பேசி முடிக்கும்வரை காத்திருப்பேன். இப்போது திரையை ஒரு பார்வை, அவ்வளவுதான்.

கிளிப்பைத் திரும்ப ஆஷ்ட்ரேயிலேயே போட்டுவிட்டேன்.