செவிலியர் முனைவர் படிப்பு: வழிகாட்டி தொலைவில் இருக்கும்போது

செவிலியர் கல்லூரிகளில் பாடம் நடத்தும் எங்களிடையே பிஎச்.டி. பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், தலைப்பு என்ன என்ற கேள்விக்கு முன்பே விடுப்பு கிடைக்குமா என்ற கேள்வி வந்துவிடுகிறது. எம்.எஸ்சி. முடித்துப் பல ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர், பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் காலத்தில், பல்கலைக்கழகம் இருக்கும் நகரத்துக்குக் குடிபெயர்வது எளிதல்ல. நல்ல ஆய்வாளராக வந்திருக்கக்கூடிய பல பெண்களை ஊர்த் தொலைவு ஒன்றே தடுத்து நிறுத்தியிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள், தொலைதூர வழியிலோ இணைய வழியிலோ முனைவர் படிப்பு நடத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. பட்டங்கள் மலிந்துவிடக் கூடாது என்ற கவலையில் நியாயம் உண்டு. அதே விதிமுறைகள் பணியிடத்தின் தடையின்மைச் சான்றுடன் பகுதிநேர ஆய்வை அனுமதிக்கின்றன. பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டுகளும், 240 நாட்கள் வரை மகப்பேறு விடுப்பும் தருகின்றன. ஆனாலும் ஆய்வுக்கு முன் முடிக்க வேண்டிய பாடங்களான கோர்ஸ் ஒர்க்குக்கும், ஆய்வின் முன்னேற்றத்தைப் பரிசீலிக்கும் டாக்டரல் கமிட்டிக்கும் நேரில் போய்வர வேண்டியிருக்கும்போது, அந்தச் சலுகையின் பயன் பெருநகரங்களுக்கு அருகில் இருப்பவர்களுக்கே மிகுதியாகக் கிடைக்கிறது.

செவிலியர் ஆய்வின் இயல்பையும் இங்கே பார்க்க வேண்டும். உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் படுக்கைப்புண் தடுப்பைப் பற்றிப் பகுதிநேரமாக ஆய்வு செய்கிறார். மெடிக்கல் வார்டில் சேரும் நோயாளிகளுக்கு, படுக்கைப்புண் வரும் அபாயத்தைக் கணிக்கும் பிரேடன் அளவுகோலின்படி உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, ஊட்டம், உராய்வு ஆகிய ஆறு கூறுகளையும் மதிப்பிட்டு, 6 முதல் 23 வரையிலான மதிப்பெண்ணைக் கேஸ் ஷீட்டுடன் இணைத்த படிவத்தில் குறிக்கிறார். ஈரத்துக்கு இரண்டு போடுவதா மூன்று போடுவதா என்ற ஐயம் வந்தால், விரிப்பை ஒவ்வொரு ஷிஃப்டிலும் மாற்ற வேண்டியிருந்ததா, நாளுக்கு ஒருமுறை கூடுதலாக மாற்றியது போதுமாக இருந்ததா என்று டூட்டி சிஸ்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்கிறார். இந்த ஆய்வுக்கு உரிய இடம் அந்த வார்டுதான். தொலைவில் இருக்கும் கைடு அந்தப் படிவங்களைத் திரையில் பார்த்துக் கேள்வி கேட்பதால் ஆய்வின் தரம் குறையப்போவதில்லை.

நம் நாட்டுக்கு இது புதிய சிந்தனையும் அல்ல. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1994இல் தொடங்கிய போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங், டிப்ளமோ முடித்துப் பணியில் இருந்த செவிலியர்களுக்குப் பட்டத்தின் கதவைத் திறந்தது. பாடம் தபாலில் வந்தாலும் செய்முறைப் பயிற்சி கல்வி மையங்களில் நேரடியாகவே நடந்தது. முனைவர் நிலையில், இந்திய நர்சிங் கவுன்சில் பெங்களூரு ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு தேசியக் கூட்டமைப்பு ஒன்றை உருவாக்கியது. ஒரே பல்கலைக்கழகத்தில் பதிவு, வெவ்வேறு மாநிலங்களில் ஆய்வு மையங்கள் என்ற அந்த அமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

அமெரிக்காவில் 2010இல் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற ஆலோசனை அமைப்பு வெளியிட்ட அறிக்கை, முனைவர் பட்டம் பெற்ற செவிலியர்களின் எண்ணிக்கையை 2020க்குள் இரட்டிப்பாக்க வேண்டும் என்றது. அப்போது மொத்தச் செவிலியர்களில் அவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அங்கே பல பல்கலைக்கழகங்கள் வகுப்புகளை இணையத்தில் நடத்தி, ஆண்டில் சில நாட்கள் மட்டும் மாணவர்களை வளாகத்துக்கு அழைக்கின்றன. அங்கே மேற்கு மாநிலங்களில் தொடங்கிய நெக்ஸஸ் என்ற செவிலியர் கல்விக் கூட்டுத் திட்டம், ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் மற்றொரு பல்கலைக்கழகத்தின் பாடத்தை இணையவழியில் படிக்க வழிசெய்தது. தரமான புள்ளியியல் பேராசிரியர் எல்லாக் கல்லூரியிலும் இருக்க மாட்டார் என்பதால், நமக்கு மிகவும் தேவையானது இந்தப் பகிர்வுதான்.

வழிகாட்டிகளின் பற்றாக்குறையை இணையம் மட்டும் தீர்த்துவிடாது. ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மட்டுமே வழிகாட்டலாம். இருக்கும் வழிகாட்டிகளின் இடங்கள் சில நகரங்களில் முடங்கிவிடாமல் எல்லா மாவட்டங்களுக்கும் எட்ட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கோர்ஸ் ஒர்க் நேரலையில் நடக்கட்டும்; மின்னிதழ் நூலகத்தை வீட்டிலிருந்து திறக்கும் வசதி இருக்கட்டும்; ஆய்வு நெறிகளைப் பரிசீலிக்கும் எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதலும் தரவுச் சரிபார்ப்பும் ஆய்வு நடக்கும் மருத்துவமனையிலேயே கண்டிப்பாக நடக்கட்டும்; வைவா என்னும் வாய்மொழித் தேர்வு நேரில் இருக்கட்டும். இவ்வளவையும் பகுதிநேர ஆய்வு என்ற இப்போதைய வரம்புக்குள்ளேயே பல்கலைக்கழகங்கள் பெருமளவு செய்ய முடியும் என்று நம்புகிறேன்.