திண்ணையிலிருந்து தறிக்கு

ஜூன் 3

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் மாவட்டக் கலெக்டர்களிடம் கேட்டு வாங்கிய பள்ளிக் கணக்கைப் பல நாள் தள்ளிப்போட்டபின் இன்றுதான் படிக்க உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் கூட்டி 1826-இல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று இருக்கிறது. ஆங்கிலேயர் பள்ளிக்கூடம் கட்டித் தருவதற்கு முன்பே, ஆசிரியர் வீட்டுத் திண்ணையிலும் மரத்தடியிலும் ஊரார் கொடுத்த நெல்லிலும் காசிலும் நடந்துவந்தவைதான் இவற்றில் பெரும்பாலானவை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் பெரும்பாலும் இடமில்லை என்பதையும் மறக்காமல்தான் இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

ஜூன் 5

அன்று சென்னை மாகாணத்தில் இருந்த பெல்லாரியின் கலெக்டர் காம்ப்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கையை இரண்டு முறை படித்தேன். காலை ஆறு மணிக்குப் பள்ளி தொடங்கும். முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வந்தவனுக்குப் பாராட்டும் இல்லை, பழியும் இல்லை என்று ஒரு சுழி. மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதன்பின் வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கூடும். மாட்டை அவிழ்த்துவிட்டு, தண்ணீர் சுமந்து வைத்துவிட்டு ஓடிவந்த பிள்ளைக்கு எத்தனை விழுந்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் ஆறவில்லை.

ஜூன் 6

தாம்பாளத்தில் மணலைப் பரப்பி, பேத்தியை 'அ' எழுதச் சொன்னேன். மணல் சற்றுக் கரடு. மூன்றாவது முறையிலேயே "விரல் எரியுது தாத்தா" என்று கையை இழுத்துக்கொண்டாள். திண்ணைப் பிள்ளைகள் இப்படி எழுதிப் பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும் பிடித்தார்கள். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரு பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் இந்த மணல் எழுத்தைப் பார்த்துத் தம் விடுதியில் புகுத்தினார்; மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். நம் சட்டாம்பிள்ளை அங்கே 'மெட்ராஸ் முறை' ஆனார்.

ஜூன் 9

மறுபடியும் காம்ப்பெல். ஏறக்குறைய பத்து லட்சம் பேர் வாழ்ந்த மாவட்டத்தில் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்கள் ஏழாயிரம் பேர்கூட இல்லை. பெண் பிள்ளைகள் 60 பேர்தான். இங்கிலாந்துத் துணி வந்து இறங்கியதால் நெசவாளர் வருமானம் விழுந்தது என்றும், பிஞ்சுக் கைகால்கள் சின்ன வேலைக்குத் தயாரானதுமே பெற்றோருக்கு அந்த உழைப்பு தேவைப்பட்டது என்றும் கிழக்கிந்தியக் கும்பினியின் கலெக்டரே எழுதியிருக்கிறார். நூல் சுற்றுவது, ராட்டையில் தார் (ஊடை நூல் சுற்றிய குழல்) போடுவது போன்ற வேலைகளுக்கு நெசவாளர் வீட்டில் பிள்ளைகளைத்தான் கூப்பிடுவார்கள். என் தாய்வழிப் பாட்டி வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அவர் கடைசிவரை கைநாட்டு. ஆனால் தறியில் இழை அறுந்தால் பார்க்காமலே விரலால் தடவி எடுத்து முடிச்சுப் போடுவார்.

அடுத்துத் தஞ்சாவூர் கணக்கு.