ஆடி மாதத்துக் கும்பகோணம்

அப்பாவுக்கு இருதயம் பலவீனமாகி, கால்களில் நீர் கோத்துக்கொண்டு, மூச்சு வாங்க ஆரம்பித்தபோது ஆடி பிறந்துவிட்டது. கும்பகோணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அம்மா இல்லை. தம்பி வெளிநாட்டில். நான்தான் துணை. சாயங்காலம் சித்தி வந்து கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருவார். அந்த நேரம் எனக்குக் கோயில் நேரம்.

வேண்டுதல் பட்டியலோடு நான் கிளம்பவில்லை. "சும்மா இங்கயே உக்காந்து என் மூஞ்சியப் பாத்துகிட்டு இருக்காதம்மா, சாரங்கபாணியைப் பாத்துட்டு வா" என்று அனுப்பி வைத்தது அப்பாதான். அவர் பிறந்து வளர்ந்தது இந்தப் பக்கம். எந்தக் கோயிலில் எங்கே நின்று எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்புவார். திரும்பி வந்ததும் ஒவ்வொன்றாகக் கேட்பார். பார்க்காமல் விட்டிருந்தால் மறுநாள் திரும்பப் போக வேண்டும்.

சாரங்கபாணி கோயிலில் கருவறைக்குப் போக இரண்டு வாசல்கள் உண்டு. தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். ஆடி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்ததால் தெற்கு வாசல் வழியாகப் போனேன். அதற்கு முன்னால் வெளியே நின்று, கருவறை மண்டபத்தையே தேராகச் செதுக்கியிருப்பதைப் பார்க்கச் சொல்லியிருந்தார் அப்பா. கல் சக்கரம், இழுக்கும் குதிரைகள், யானைகள். பதினோரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே உள்ளே போகிறவர்கள் இந்தத் தேரை நின்று பார்ப்பதில்லை. எனக்கோ கோபுரத்தைவிட இதுதான் பிடித்திருந்தது.

உள்ளே ஆராவமுதன். மற்ற தலங்களில் பள்ளிகொண்டிருப்பது போல முழுதாகப் படுத்திருக்கவில்லை. கொஞ்சம் எழும்பிய நிலை, உத்தான சயனம் என்பார்கள். திருமழிசை ஆழ்வார் இங்கே வந்து, பெருமாள் படுத்திருப்பதைப் பார்த்து, உலகமெல்லாம் அளந்து நடந்ததில் கால் வலிக்கிறதோ, பன்றியாகி பூமியை இடந்து எடுத்ததில் உடம்பு அசந்துவிட்டதோ என்று கேட்டாராம். காவிரிக்கரைக் குடந்தையில் கிடக்கிறாயே, எழுந்து பேசு என்றாராம். அவருக்காகத்தான் பெருமாள் எழ முயன்றார், அந்த நிலையிலேயே இருக்கிறார் என்பது இங்குள்ள நம்பிக்கை.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் காலில் வீக்கத்தோடு ஒருவர் படுத்திருக்க, அவருடைய பாதத்தை அமுக்கி விட்டுவிட்டு வந்து நின்றபோது, ஆழ்வார் என்ன மனசோடு அதைக் கேட்டிருப்பார் என்பது முதல் தடவையாகப் புரிந்தது. பகவானிடம் வரம் கேட்கவில்லை, கால் வலிக்கிறதா என்று விசாரித்திருக்கிறார். நானும் அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை. அர்ச்சகர் சடாரி வைத்தார், தீர்த்தம் கொடுத்தார், துளசி கொடுத்தார். கோமளவல்லித் தாயாரைச் சேவித்துவிட்டு, பிராகாரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதேன். அழுதபின் லேசாக இருந்தது. வெளியே வந்து ஒரு கடையில் பித்தளை டபராவில் டிகிரி காப்பி சாப்பிட்டேன். நுரையும் சூடும் அந்தக் கசப்புமாக நாக்கில் பட்டபோது, அதுவும் பிரசாதம் போலத்தான் இருந்தது. மனசாரச் சொல்கிறேன்.

மறுநாள் ராமசாமி கோயில். ரகுநாத நாயக்கர் காலத்துத் தூண்களைப் பார்க்கவே ஒரு பொழுது வேண்டும். பட்டாபிஷேகக் கோலத்தில் ராமரும் சீதையும் ஒரே ஆசனத்தில். பரதன் குடை பிடிக்க, சத்ருக்னன் சாமரம் வீச, லட்சுமணன் வில்லோடு நிற்கிறான். திரும்பி வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "அனுமார் கையில என்ன இருந்துச்சு?"

"ஒரு கையில வீணைப்பா. இன்னொரு கையில ராமாயணச் சுவடி."

சரியான விடை. அன்று இரவு மூச்சுத் திணறல் குறைவாக இருந்தது. மருந்துதான் காரணம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தேன்.

சாப்பாடுதான் பெரிய போராட்டம். உப்பைக் கட்டோடு குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். தஞ்சாவூர்க்காரர் நாக்கு அது, உப்பில்லாத ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். அப்போதுதான் திருநாகேசுவரம் ஞாபகம் வந்தது. கும்பகோணத்திலிருந்து ஏறக்குறைய 6 கிலோமீட்டர், டவுன் பஸ் போகிறது. அங்கே ஒப்பிலியப்பனுக்கு நைவேத்தியம் எல்லாமே உப்பில்லாமல்தான். பூமிதேவியைத் துளசிச் செடிக்கடியில் குழந்தையாகக் கண்டெடுத்து வளர்த்தார் மார்க்கண்டேய முனிவர். பெருமாள் வயசானவராக வந்து பெண் கேட்டபோது, "சின்னப் பெண், சமையலில் உப்புப் போடக்கூடத் தெரியாது" என்று தட்டிக் கழிக்கப் பார்த்தார். "உப்பில்லாமலே சாப்பிடுகிறேன்" என்று சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டார் பெருமாள். கோயிலுக்குள் உப்புச் சேர்த்த பண்டம் கொண்டுபோகவே கூடாது.

கருவறையில் நெடிதுயர்ந்து நிற்கிறார். ஒரு பக்கம் பூமிதேவி, மறுபக்கம் மார்க்கண்டேயர். வலது கையில், என் ஒருவனையே சரணடை என்னும் கீதை வாக்கு, 'மாமேகம் சரணம் வ்ரஜ' என்று இருக்கிறது. தீபாராதனை வெளிச்சத்தில் அந்த எழுத்தைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

டாக்டரிடம் கேட்டுவிட்டு, கொஞ்சமாகப் புளியோதரைப் பிரசாதம் வாங்கிப் போனேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார். அப்புறம் இன்னும் ஒரு வாய். "பெருமாளே இதத்தான சாப்பிடுறாரு" என்றார். அதன் பிறகு ஆஸ்பத்திரி ரசத்தைத் தள்ளவில்லை. முகம் சுளிப்பார், ஆனால் சாப்பிடுவார். சாதம் பிசையும்போது ஒப்பிலியப்பன் பேரைச் சொல்லிக்கொள்வார். எந்தப் பத்திய அறிவுரையும் செய்யாததை அந்தக் கல்யாணக் கதை செய்தது.

ஆடிப்பெருக்கன்று காலையில் காவிரிப் படித்துறைக்குப் போனேன். தண்ணீர் நன்றாக வந்திருந்தது. மேட்டூரில் திறந்த நீர் கடைமடைக்குப் போகிற வழியில் இந்த ஊரைத் தொட்டுக்கொண்டு போகிற நாளில், பெண்கள் காதோலை கருகமணி, பழம், பூ, மஞ்சள் கயிறு எல்லாம் வைத்துக் கும்பிட்டார்கள். பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். தனியாக நின்ற என்னைப் பார்த்த ஒரு பெரியம்மா, "இப்டி வா கண்ணு" என்று கூப்பிட்டு மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டி, கை நிறையத் தேங்காய்ச் சாதம் கொடுத்தார். எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று அப்புறம்தான் விசாரித்தார். ஆஸ்பத்திரியில் இருக்கிறோம் என்றதும், "காவேரியம்மாகிட்ட சொல்லிட்டேன், போ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹோட்டலில் இட்லிக்குக் கடப்பா போட்டார்கள். பயத்தம்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காய் சோம்பு வாசனையோடு வந்த அதை, அப்பாவை விட்டுவிட்டுச் சாப்பிட மனசு கேட்கவில்லை. போனில் சொன்னேன். "நல்லா சாப்பிடும்மா, நீ தெம்பா இருந்தாத்தான் என்னைப் பாக்க முடியும்" என்றார்.

ஆடி முடிவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். இப்போது திண்ணை வரை நடக்கிறார், உப்புக் கட்டுப்பாடு தொடர்கிறது. தை பிறந்ததும் சாரங்கபாணிக்குப் போவதாகப் பேச்சு. அந்த வாசலில் எத்தனை படி ஏற வேண்டும், பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று இப்போதே என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.