மன்னிப்புக் கடிதம் வாங்கிவிட்டால் அது விசாரணை ஆகிவிடாது

கல்லூரியில் சேரும்போது நீட்டுகிற தாள்களில் ராகிங் உறுதிமொழியும் ஒன்று. மாணவர் ஒன்று எழுதித் தரவேண்டும், பெற்றோர் ஒன்று எழுதித் தரவேண்டும், அதுவும் வருடா வருடம். பெரும்பாலான வீடுகளில் யாரும் அதைப் படிப்பதில்லை, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஃபீஸ் கட்டும் வரிசைக்குப் போய்விடுகிறார்கள்.

கடலூர் மாவட்டத்துக்காரர்களாவது அதை ஒருமுறை உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு படித்துக்கொண்டிருந்த நாவரசு, சீனியர் மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவரின் மகன் அவர். அந்த வீட்டுப் பிள்ளைக்கே இந்தக் கதி என்றால் நம் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு என்று ஊரே பதறியது. 1998-ல் கடலூர் நீதிமன்றம் தண்டித்தது, 2001-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது, கடைசியில் 2011-ல் உச்ச நீதிமன்றம் கடலூர் தீர்ப்பே சரி என்றது.

அந்தக் கொலைக்குப் பிறகு வந்ததுதான் 1997-ம் ஆண்டு தமிழ்நாட்டு ராகிங் தடைச் சட்டம். இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், தண்டனை உறுதியானால் கல்லூரியை விட்டு நீக்கம், வேறு எங்கும் சேரவும் முடியாது. இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு பிரிவு: புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காமல் இருந்தால் கல்லூரித் தலைவரே அந்தக் குற்றத்துக்குத் துணைபோனவராகக் கருதப்படுவார். இந்தச் சட்டம் தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான். ஆனால் கடலூரிலிருந்து தினமும் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் ஏராளம், அவர்களுக்கும் சேர்த்துப் பொருந்துவது யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2009-ல் கொண்டுவந்த விதிகள்.

சரி, பலவீனமானவனைக் காப்பாற்ற எழுதப்பட்ட ஒழுங்கு இது. ஆனால் நம் கல்லூரிகளில் ‘டிசிப்ளின்’ என்ற பெயரில் தினமும் நடப்பது என்ன? ஐடி கார்டு டேக் மாட்டவில்லை, தாடி வைத்திருக்கிறான், சட்டையை இன் பண்ணவில்லை, அந்தப் பெண் அந்தப் பையனோடு பேசிக்கொண்டிருந்தாள், ஹாஸ்டலுக்குப் பத்து நிமிடம் தாமதம். கண்காணிப்பு முழுக்க இதற்கே செலவாகிவிடுகிறது. வராந்தாவில் தாடியைப் பிடிக்கிற அதே கண்ணுக்கு, ராத்திரி ஹாஸ்டல் அறையில் நடப்பது தெரிவதில்லை.

தண்டிக்கிற முறை இதைவிட மோசம். எங்கள் தெருவில் ஒரு பையன், பாண்டிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் படிக்கிறான். வகுப்பில் ஏதோ சத்தம், யார் போட்டது என்று தெரியவில்லை, பின்வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் துறைத் தலைவர் (எச்.ஓ.டி.) அறைக்கு. அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார்கள். அவன் அப்பா கொத்தனார் வேலை செய்பவர், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் வெளியே காத்திருந்தார், உள்ளே கூப்பிட்டதும் என்ன நடந்தது என்று கேட்கக்கூட இல்லாமல் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டார். பையன் மன்னிப்புக் கடிதம் எழுதினான். ‘நான் செய்த தவறுக்கு வருந்துகிறேன், மீண்டும் செய்தால் நிர்வாகம் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்’, வாசகத்தையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். எந்தத் தவறு? கடிதத்தில் அது இல்லை. அடுத்த முறை ஏதாவது நடந்தால் அந்தக் கடிதம்தான் கோப்பிலிருந்து முதலில் வெளியே வரும், இவன் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவன் என்று. ‘டிசி கொடுத்துடுவேன்’, ‘இன்டர்னல் மார்க்ல கை வைப்பேன்’ என்ற மிரட்டலுக்கு நடுவே எழுதி வாங்கிய ஒன்றை ஒப்புதல் என்று எப்படிச் சொல்ல முடியும்?

என்ன குற்றச்சாட்டு என்று எழுத்தில் கொடுங்கள், அவன் பதிலைக் கேளுங்கள், பிறகு முடிவெடுங்கள் என்றுதான் சொல்கிறேன். இது புதுக் கோரிக்கையும் இல்லை. உத்தரப்பிரதேசத்தில் பரீட்சையில் காப்பி அடித்ததாக மூன்று மாணவர்களின் தேர்வை வாரியம் ரத்து செய்தது, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் தண்டித்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது.

இப்படி விசாரித்தால் புகார் கொடுத்தவரைக் குறுக்கு விசாரணை செய்து அழவைப்பார்களே என்று ஒரு பேராசிரியர் என்னிடம் கேட்டார். நியாயமான கவலைதான். அதற்கும் வழி இருக்கிறது. ராஞ்சியில் மாணவியர் விடுதிக்குள் இரவில் நுழைந்து அசிங்கமாக நடந்துகொண்ட மருத்துவ மாணவர்கள் வழக்கில், மாணவிகளின் வாக்குமூலத்தை அந்தப் பையன்கள் இல்லாத இடத்தில்தான் விசாரணைக் குழு பதிவு செய்தது. பையன்களுக்குக் குற்றச்சாட்டைச் சொல்லி, அவர்கள் தரப்பையும் கேட்டது. இந்த முறை சரிதான் என்று 1973-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆக, புகார் கொடுத்தவரையும் காப்பாற்றலாம், குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பேச வாய்ப்புக் கொடுக்கலாம்.

2009 விதிகளில் எனக்கு உடன்பாடில்லாத இடமும் ஒன்று உண்டு. யார் செய்தது என்று தெரியாவிட்டால் கூட்டாகத் தண்டிக்க வேண்டும் என்கிறது. பயத்தில் யாராவது உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்ற கணக்கு அது. ஆனால் தன்னால் இருபது பேருக்குத் தண்டனை என்று தெரிந்தால், அடிவாங்கிய ஜூனியர் புகாரே கொடுக்க மாட்டான்.

அப்புறம், போராட்டம். ஃபீஸை எதிர்த்து உட்கார்ந்தவனையும் ஜூனியரை அடித்தவனையும் ஒரே ‘ஒழுங்கீனம்’ என்ற தலைப்பில் வைக்கிற வழக்கத்தை ஏற்கவே முடியாது. 1965 மொழிப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்த ராஜேந்திரன் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்தான். சிதம்பரத்தில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறோம்.

இந்த வருடம் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள், ஹாஸ்டல் மெனு கேட்கிற நேரத்திலேயே நடத்தை விதிகள் அச்சில் இருக்கிறதா, எந்தத் தவறுக்கு என்ன தண்டனை, மேல்முறையீடு யாரிடம் என்று கேளுங்கள். 2023 யுஜிசி விதிப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், அதில் தீராவிட்டால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். யாராவது மன்னிப்புக் கடிதம் கேட்டால், என்ன நடந்தது என்பதை மட்டும் தேதியோடு எழுதித் தரும்படி உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள், ஒரு நகல் உங்கள் கையில் இருக்கட்டும். ராகிங் என்றால் 1800-180-5522, ராத்திரியிலும் எடுப்பார்கள், இலவசம்தான்.