ஆங்கில அறிமுகக் கேள்விகளை ஸ்பானிய மொழியில் எழுதிப் பார்க்கிறேன்

அன்றாட ஆங்கில முகமன்களை ஸ்பானிய மொழிக்குக் கொண்டுபோகும் என் பொழுதுபோக்கு, வணக்கச் சொற்களைக் கடந்து கேள்விகளுக்கு வந்திருக்கிறது. வணக்கங்களில் அதிக வேலை இருக்கவில்லை. 'ஓலா' எந்நேரமும் பொருந்தும். காலையில் 'புவேனோஸ் தியாஸ்', மதிய உணவுக்குப் பின் 'புவேனாஸ் தார்தெஸ்', இருட்டிய பிறகு சந்திக்கும்போதும் விடைபெறும்போதும் 'புவேனாஸ் நோச்செஸ்'.

பெயர் கேட்கும் கேள்வியில்தான் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. 'வாட் இஸ் யுவர் நேம்?' என்னும் ஆங்கிலக் கேள்வி, எதிரில் இருப்பவர் சிறுவனா பெரியவரா என்பதைக் காட்டுவதே இல்லை. ஸ்பானிய மொழியிலோ தோழனிடம் 'கோமோ தே யாமாஸ்?' என்றும், மரியாதைக்குரியவரிடம் 'கோமோ சே யாமா உஸ்தெத்?' என்றும் கேட்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு கேள்வியையும் முதலில் தமிழில் நீ, நீங்கள் என இரண்டாகப் பிரித்து எழுதிக்கொண்டு, அதன் பிறகே ஸ்பானிய வடிவத்துக்குப் போகிறேன். ஆனால் இந்தக் கணக்கு எல்லா ஊருக்கும் செல்லாது: ஸ்பெயினில் முன்பின் அறியாதவரிடம்கூட 'நீ' என்னும் 'தூ' தாராளமாகப் புழங்க, கொலம்பியாவின் பொகோட்டாவில் வீட்டுக்குள்ளும் நண்பர்களிடமும் 'நீங்கள்' என்னும் 'உஸ்தெத்' சொல்பவர்கள் பலர். 'தங்கள் அருள்' என்ற பொருளில் வழங்கிய 'வுவெஸ்த்ரா மெர்செத்' என்ற பழைய விளியே தேய்ந்து 'உஸ்தெத்' ஆனது. அதனால்தான் முன்னிலைச் சொல்லாக இருந்தும் அது படர்க்கை வினையை ஏற்கிறது.

நலம் கேட்பதற்கு 'கோமோ எஸ்தாஸ்?' என்றும், ஊர் கேட்பதற்கு 'தே தோந்தே எரெஸ்?' என்றும் எழுதினேன். ஆங்கிலத்தின் 'ஆர்' இங்கே 'எஸ்தார்', 'செர்' என்னும் இரு வினைகளாகப் பிரிகிறது. இப்போதைய நிலைக்கு முன்னது, பிறப்பிடம் போன்ற அடையாளத்துக்குப் பின்னது. மாற்றி 'கோமோ எரெஸ்?' என்று கேட்டால், 'நீ எப்படிப்பட்ட ஆள்?' என்று பொருளாகிவிடும். தொழிலைக் கேட்கும்போது, 'இப்போது என்ன செய்கிறாய்?' என்றும் பொருள்படும் 'கே ஆசெஸ்?' என்பதைவிட 'ஆ கே தே தேதிகாஸ்?' தெளிவாக இருக்கிறது.

வயதைக் கேட்கும் 'குவான்தோஸ் ஆன்யோஸ் தியேனெஸ்?' என்பதற்கு 'எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கிறாய்?' என்பது நேர்ப்பொருள். இதில் ஆண்டைக் குறிக்கும் சொல்லின் நடு எழுத்துக்கு மேலே ஒரு சிறு அலைக்கோடு உண்டு. அது விடுபட்டால் ஆண்டு ஆசனவாய் ஆகிவிடும் என்பதால், அந்த வரியை மட்டும் மெதுவாகவே எழுதுகிறேன்.

சந்தித்ததில் மகிழ்ச்சி என்பதற்கு 'முச்சோ குஸ்தோ' யாருக்கும் பொருந்தும். 'என்கன்தாதோ' என்று ஆண் சொல்வார், 'என்கன்தாதா' என்று பெண் சொல்வார். யாரிடம் சொல்கிறோம் என்பது இதில் பொருட்டில்லை.

இப்போது அர்ஜென்டினாவுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். அங்கே 'தூ' இருக்கும் இடத்தில் 'வோஸ்' வருகிறது. புவெனஸ் அயர்ஸ் உச்சரிப்பில் பெயர்க் கேள்வி 'கோமோ தே ஷமாஸ்?' என்று கடைசி அசையில் அழுத்தம் பெற, ஊர்க் கேள்வி 'தே தோந்தே சோஸ்?' ஆகிறது. அடுத்து எழுத வேண்டியவை பலரை ஒருசேரக் கேட்கும் வடிவங்கள். ஸ்பெயினில் நெருங்கியவர்களுக்கு 'வொசோத்ரோஸ்', மற்றவர்களுக்கு 'உஸ்தேதெஸ்'. லத்தீன் அமெரிக்காவில் எல்லாருக்கும் 'உஸ்தேதெஸ்' போதும் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்கப்போகிறேன்.