செலவுக்குக் கடிவாளம்: கொலராடோ கணக்கு

நல்ல ஆண்டில் வரி கொட்டும்போது தொடங்கும் திட்டம், மோசமான ஆண்டில் நிற்பதில்லை. சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் கை வைக்க முடியாது. வெட்டு விழுவது சாலைப் பராமரிப்பில், இல்லையென்றால் வரி ஏறும். ஆட்சியாளரின் நல்லெண்ணத்தை நம்பாமல் அரசியல் சட்டத்திலேயே உச்சவரம்பு எழுத வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 1992-இல் வாக்கெடுப்பு நடத்தி அதைச் செய்தது. 'டேபர்' (வரி செலுத்துவோர் உரிமைச் சாசனம்) என்ற அந்தத் திருத்தப்படி, விலைவாசியும் மக்கள்தொகையும் கூடும் அளவுக்கே அரசு வசூலித்து வைத்துக்கொண்டு செலவிடும் தொகையின் வரம்பும் கூடலாம். வரம்பு 100 கோடி டாலர், விலைவாசி 3 சதவீதம், மக்கள்தொகை 1.5 சதவீதம் கூடியது என்றால் மறு ஆண்டு வரம்பு 104.5 கோடி. வசூல் 108 கோடியானால் மிச்சம் 3.5 கோடியை மக்களுக்கே திருப்ப வேண்டும். வைத்துக்கொள்ள வாக்கெடுப்பில் அனுமதி வேண்டும். வரி விகிதத்தை உயர்த்தவும் அப்படியே. 2022-இல் இப்படித் தனிநபருக்கு 750 டாலர் காசோலை போனது.

சிக்கல் அடித்தளத்தில் இருந்தது. வசூல் வரம்புக்குக் கீழே இறங்கினால், அடுத்த வரம்பை அந்த வசூலிலிருந்தே கணக்கிட்டார்கள். மந்தத்தில் வசூல் 90 கோடிக்கு விழுந்தால் மறு ஆண்டு வரம்பு சுமார் 94 கோடிதான். பொருளாதாரம் மீண்டு 102 கோடி வந்தாலும் 8 கோடியைத் திருப்பியாக வேண்டும். ஒருமுறை இறங்கிய அரசு, வாக்காளர் அனுமதி இல்லாமல், இறங்காமல் இருந்திருந்தால் எட்டியிருக்கும் அளவுக்கு ஏறவே முடியாது. 2001 மந்தத்துக்குப் பின் நிஜமாகவே இது நடந்தது. போதாக்குறைக்கு, பள்ளி நிதியை ஆண்டுதோறும் உயர்த்தக் கட்டாயப்படுத்தும் தனித் திருத்தம் ஒன்றை 2000-இல் மக்களே நிறைவேற்றியிருந்தார்கள்! 2005-இல் வாக்காளர்கள் 5 ஆண்டு விலக்கு கொடுத்தார்கள். அதன்பின் வரம்பு முந்தைய வரம்பிலிருந்தே வளர்கிறது, வசூல் விழுந்தாலும் அது இறங்காது. கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்கள் இதைத் தோல்வி என்று புலம்பத் தேவையில்லை. முதலிலேயே இப்படி எழுதியிருக்க வேண்டும்.

உண்மையான ஓட்டை வேறு இடத்தில். அரசுக்குச் சொந்தமான தொழில் அமைப்பு ஒன்று, தன் வருவாயில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே மாநில, உள்ளாட்சி மானியம் பெற்றால் டேபர் வரம்புக்குள் வராது. சட்டமன்றம் விடுமா? வரி என்றால் வாக்கெடுப்பு, கட்டணம் என்றால் வேண்டாம். கல்லூரிக் கட்டணம் அந்தப் பக்கம் போனது, மருத்துவமனைக் கட்டணமும் போனது. முதல் 5 ஆண்டில் 10 கோடி டாலருக்கு மேல் கட்டணம் வசூலிக்கவிருக்கும் புதிய அமைப்புக்கு மக்கள் ஒப்புதல் தேவை என்று 2020-இல் ஒரு சட்டம் வந்தது. ஏற்கெனவே வெளியே போன அமைப்புகளை அது தொடவில்லை.